ஒரு கிளப்புக்கு ஒரு மேனேஜர்தான்

அமெரிக்காவுல கிளப் மேனேஜர்களுக்குன்னே ஒரு தொழில்முறைச் சங்கம் இருக்கு. சுருக்கமா சிஎம்ஏஏ. 1927-ல ஆரம்பிச்சது. தலைமையகம் வர்ஜீனியா மாநிலத்துல இருக்குற அலெக்ஸாண்ட்ரியா நகரம். ஏறத்தாழ 7,000 உறுப்பினர்கள், அவங்க பார்த்துக்கற கிளப்புகள் 2,500-க்கும் மேல. நூறு வயசைத் தொடப் போற ஒரு சங்கத்துக்கு 7,000 பேர்ங்கிறது குறைச்சலாத் தெரியும். ஆனா இந்தத் தொழிலோட அமைப்பைப் பார்த்தா, இத்தனை பேர் சேர்ந்ததே பெரிய விஷயம்.

முதல்ல கிளப்னா என்னன்னு சொல்லிடணும். (தமிழ்க் காதுல அந்தச் சொல் விழுந்ததும் பழைய காபி கிளப் ஞாபகம் வரும், இல்லைன்னா போர்டு மாட்டின மனமகிழ் மன்றம் ஞாபகம் வரும். இது ரெண்டும் இல்லை.) இங்க பேசற கிளப், உறுப்பினர்கள் கட்டணம் கட்டிச் சேர்ந்து, மாசாமாசம் சந்தா குடுத்து நடத்துற தனியார் இடம். கோல்ஃப் மைதானம் வச்ச கன்ட்ரி கிளப், நடு ஊர்ல சாப்பாடும் சந்திப்புமா இருக்குற சிட்டி கிளப், பாய்மரப் படகு கிளப், விளையாட்டு கிளப், பல்கலைக்கழகப் பேராசிரியர்களுக்கான கிளப், ராணுவ கிளப்னு பல வகை உண்டு. கம்பெனிகள் நடத்துற கிளப்பும் இருக்கு. ஆனா இந்த உலகத்தோட நடுநாயகம், உறுப்பினர்களே முதலாளிகளா இருக்குற லாப நோக்கில்லாத கிளப்தான்.

அந்த மாதிரி கிளப்புக்கு வருமான வரி விலக்கு உண்டு. ஆனா அதுக்கு ஒரு கடிவாளமும் உண்டு. உறுப்பினர் அல்லாதவங்க வந்து பயன்படுத்தறதால கிடைக்கிற வருமானம், மொத்த வரவுல 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதனால ஊரைக் கூப்பிட்டுக் கல்யாண மண்டபம் மாதிரி வாடகைக்கு விட முடியாது. ‘வாங்க வாங்க’ன்னு விளம்பரம் பண்ணவும் தயக்கம். கதவு எப்பவும் பாதி சாத்தினபடியே இருக்கும். இந்தச் சாத்தின கதவுதான் பின்னாடி மாணவர் விஷயத்துல பெரிய தலைவலியா வந்து நிக்கும்.

அடுத்தது மேனேஜர். ஹோட்டல் மேனேஜருக்கும் இவருக்கும் ஒரே படிப்புதான், ஆனா பிழைப்பு வேற. ஹோட்டல்ல சூப் ஆறிப் போச்சுன்னா விருந்தாளி முணுமுணுத்துட்டு மறுநாள் ஊருக்குப் போயிடுவார். கிளப்புல அதே ஆள் முப்பது வருஷம் வருவார். அதை விட முக்கியம், அவர் வாடிக்கையாளர் மட்டும் இல்லை, முதலாளியும்கூட. அவரோட பக்கத்து மேஜையில உக்காந்திருக்கிறவரும் முதலாளி. நிர்வாகக் குழுவுல ஆட்கள் மாறிக்கிட்டே இருப்பாங்க, தலைவர் ஒரு வருஷம் ரெண்டு வருஷத்துல போயிடுவார். நேத்து வரைக்கும் நீச்சல் குளம் வேணும்னு சொன்ன குழுவுக்கு இன்னைக்கு டென்னிஸ் கோர்ட் வேணும். இதுக்கு நடுவுல இடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது ஒரு தனிக் கலை. (பிரிட்டிஷ் வழி வந்த கிளப்புகள்ல இதே வேலையைச் செய்யறவரை ‘செக்ரட்டரி’ன்னு சொல்றது வழக்கம்.)

பழைய அமெரிக்க கன்ட்ரி கிளப்புல மூணு தலைகள் இருந்தாங்க. கட்டடத்தையும் சமையலையும் பார்க்கிற மேனேஜர், கோல்ஃப் சொல்லிக் குடுக்குற ப்ரோ, புல்லைப் பராமரிக்கிற கிரீன்கீப்பர். மூணு பேரும் தனித்தனியா நிர்வாகக் குழுவுக்குப் பதில் சொல்லுவாங்க, ஒருத்தருக்கொருத்தர் மரியாதையா முறைச்சுக்குவாங்க. சங்கம் அமைச்சதும் தனித்தனியாத்தான். கோல்ஃப் ப்ரோக்கள் 1916-ல, கிரீன்கீப்பர்கள் 1926-ல, கடைசியா மேனேஜர்கள் 1927-ல. அப்போ மதுவிலக்குக் காலம் வேற. 1920-லேர்ந்து 1933 வரைக்கும் பார் வருமானத்தைக் கணக்குல காட்ட முடியாது. (கணக்குல காட்டாம என்ன நடந்துச்சுங்கிறது வேற கதை.)

அப்புறம் மெல்ல மெல்ல மூணு தலைக்கும் மேல ஒரு தலை வந்தது: ஜெனரல் மேனேஜர். சாப்பாடு, கணக்கு, ஆள் நிர்வாகம், கட்டடம், புல், குளம், சட்டம், வரின்னு எல்லாமே அவர் பொறுப்பு. எல்லா கிளப்பும் இந்த முறைக்கு மாறல, ஆனா காத்து இந்தப் பக்கம்தான் அடிச்சது. இத்தனையும் தெரிஞ்ச ஆளை எப்படி அடையாளம் காட்டறது? அதுக்காக 1965-ல சங்கம் சிசிஎம்ங்கிற சான்றிதழைக் கொண்டு வந்தது. சான்று பெற்ற கிளப் மேனேஜர்னு அர்த்தம். அதை வாங்கணும்னா இத்தனை வருஷ அனுபவம், இத்தனை கல்விப் புள்ளிகள், அதுக்கப்புறம் ஒரு நீளமான பரீட்சை. புள்ளிகள் சேர்க்கறதுக்குப் பல்கலைக்கழக வளாகங்கள்ல படிப்படியா மேல போற ஒரு வார வகுப்புகள் உண்டு. அதுக்கும் மேல எம்சிஎம்னு ஒரு பட்டம் இருக்கு. அதுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதணும், அதனால எழுதினவங்க ரொம்பக் கம்மி. (சமையல்காரர் லீவு போட்ட சனிக்கிழமையில யாரு உக்காந்து ஆய்வு எழுதறது!)

இந்தச் சான்றிதழை வெறும் கௌரவமாப் பார்த்தா பாதிதான் புரியும். உறுப்பினர்களை சங்கத்தோட ஒட்டி வைக்கிற பசையே இதுதான். பேருக்குப் பின்னாடி அந்த மூணு எழுத்தைப் போட்டுக்கணும்னா உறுப்பினரா நீடிக்கணும், தொடர்ந்து வகுப்புக்குப் போகணும். வேலைக்கு ஆள் தேடற கிளப்புகளும் அந்த எழுத்துகளை மதிக்க ஆரம்பிச்சதும் சக்கரம் தானா சுத்த ஆரம்பிச்சது. காப்பீட்டுச் சலுகை, பத்திரிகை, பேட்ஜ்னு எத்தனை சலுகை குடுத்தாலும் உறுப்பினர் நிலைக்க மாட்டார். அடுத்த வேலைக்கு உதவற ஒண்ணு கையில இருந்தா நிலைப்பார்.

சரி, எண்ணிக்கை ஏன் ஏற மாட்டேங்குது?

ஏன்னா ஒரு கிளப்புக்கு ஒரு மேனேஜர்தான். டாக்டர், வக்கீல் மாதிரி வருஷா வருஷம் ஆயிரக்கணக்குல புதுசா உருவாகிற தொழில் இது இல்லை. நாற்காலி காலியானாத்தான் ஆள் வர முடியும். நாற்காலியோட எண்ணிக்கையும் பெருகிக்கிட்டே போறதில்லை. 1993-ல வந்த வரிச் சட்டம், கிளப் சந்தாவைத் தொழில் செலவாக் காட்டி வரியில கழிக்கிற வசதியை 1994-லேர்ந்து எடுத்துடுச்சு. கம்பெனிக் கணக்குல அதிகாரிகளைச் சேர்த்து வச்சிருந்த சிட்டி கிளப்புகளுக்கு அது சரியான அடி. 2006-க்கு அப்புறம் அமெரிக்காவுல புதுசாத் திறக்கிற கோல்ஃப் மைதானத்தை விட மூடற மைதானம் அதிகம்ங்கிற நிலை பல வருஷம் நீடிச்சது. அதுல பெரும்பகுதி பொது மைதானங்கள்தான், இருந்தாலும் தனியார் கிளப்பும் தப்பலை. 2020-ல பெருந்தொற்று வந்து, வெளியில நடமாடப் பாதுகாப்பான விளையாட்டு கோல்ஃப்னு ஜனங்க கிளம்பினதும் பல கிளப்புல காத்திருப்போர் பட்டியல் நீண்டுடுச்சு. ஆனா அதனால கிளப்போட உறுப்பினர்தான் கூடினாங்க. மேனேஜர் நாற்காலி அதே ஒண்ணுதான்!

இன்னொரு சிக்கலும் இருக்கு. இந்தச் சங்கச் சந்தாவைப் பெரும்பாலும் மேனேஜர் தன் பையிலேர்ந்து கட்டறதில்லை. அவரோட வேலை ஒப்பந்தத்துலயே சந்தா, மாநாட்டுச் செலவு, வகுப்புச் செலவு எல்லாம் கிளப் கட்டும்னு எழுதியிருக்கும். சொகுசுதான். ஆனா வேலை போச்சுன்னா சந்தாவும் போச்சு. சங்கம் ரொம்பத் தேவைப்படற அந்த நேரத்துலதான் ஆள் பட்டியலை விட்டு வெளியே நிப்பார்.

ஆகவே ஆளைக் கூட்டணும்னா ரெண்டே வழிதான். மேனேஜர்ங்கிற சொல்லோட எல்லையை அகலமாக்கணும். இல்லைன்னா நாற்காலியில உக்காரறதுக்கு முன்னாடியே ஆளைப் பிடிக்கணும்.

முதல் வழிக்கு அடையாளமா சங்கத்தோட பேரே மாறிச்சு. முன்னாடி ‘கிளப் மேனேஜர்கள் சங்கம்’, இப்போ ‘கிளப் மேலாண்மைச் சங்கம்’. சுருக்கம் அதேதான், அதனால லெட்டர்பேடுல பெரிய செலவு இல்லை. ஆனா அந்த ஒரு சொல் மாத்தத்துல துணை மேனேஜர், சாப்பாட்டுப் பிரிவுத் தலைவர், உறுப்பினர் சேர்க்கைப் பொறுப்பாளர், நிதி அதிகாரின்னு ஒரே கிளப்புலேர்ந்து நாலஞ்சு பேர் சேரறதுக்கு இடம் கிடைச்சது. சிக்கல் என்னன்னா, இவங்கள்ல பலருக்கு ஏற்கெனவே வேற வீடு இருக்கு. சமையல் தலைவருக்கு ஒரு சங்கம், கணக்கருக்கு ஒரு சங்கம், கோல்ஃப் ப்ரோவுக்கு ஒரு சங்கம். ரெண்டாவது சந்தாவுக்கு கிளப் சம்மதிக்கணும்னா, இவர் நாளைக்கு ஜெனரல் மேனேஜர் ஆகப் போறவர்னு யாராவது நம்பணும்.

அந்த நம்பிக்கை தலைமையகத்துல உருவாகறதில்லை, உள்ளூர்க் கிளையிலதான் உருவாகுது. சங்கத்துக்கு 40-க்கும் மேற்பட்ட கிளைகள் இருக்கு. கிளைக் கூட்டம் பெரும்பாலும் ஏதாவது ஒரு உறுப்பினரோட கிளப்புலதான் நடக்கும், அதுவும் நிறைய இடத்துல திங்கட்கிழமை. (சனி, ஞாயிறு ஊரே கிளப்புக்கு வர்றதால பல கிளப்புகள் திங்களன்னைக்குத்தான் மூடியிருக்கும். மேனேஜர்களோட ஞாயிற்றுக்கிழமை திங்கட்கிழமைதான்.) நடத்தற மேனேஜர் கல்யாண வீட்டுக்காரர் மாதிரி தன் சமையலறையைக் காட்டிக்குவார். புது ஆளை விருந்தாளியாக் கூட்டிட்டு வந்து நல்ல சாப்பாடு போட்டு, ரெண்டு பேரை அறிமுகம் செஞ்சு வச்சாப் போதும். மின்னஞ்சலோ மடிப்புத் தாளோ இந்த வேலையைச் செய்யாது.

ஆனா தன் துணை மேனேஜரைக் கூட்டத்துக்குக் கூட்டிட்டு வர்றதுக்குப் பல மேனேஜர்களுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். நாலு பேர் பார்ப்பாங்க, ஒருத்தர் கொத்திக்கிட்டுப் போயிடுவார். நியாயமான பயம்தான், அப்படி நடக்கவும் நடக்குது. இருந்தாலும் இந்தத் தொழில்ல பெரிய பேர் வாங்கினவங்க, துணைகளைப் பொத்தி வச்சவங்க இல்லை. தவில் வித்வானைப் பத்திப் பேசும்போது ‘யாரோட சிஷ்யர்’னு கேக்கற மாதிரி, இங்கயும் யார்கிட்ட வேலை பார்த்தவர்ங்கிறது ஒரு தகுதி. தன்கிட்ட இருந்த பத்துப் பேர் பத்து கிளப்புல ஜெனரல் மேனேஜரா இருக்காங்கன்னு சொல்லிக்கிற ஆள்கிட்டத்தான் அடுத்த நல்ல துணை வந்து சேருவார்.

ரெண்டாவது வழி மாணவர்கள்.

விருந்தோம்பல் துறைப் படிப்பு அமெரிக்காவுல 1922-ல கார்னெல் பல்கலைக்கழகத்துல தொடங்கிச்சு. மிச்சிகன் ஸ்டேட்ல 1927, அதாவது சங்கம் பிறந்த அதே வருஷம். ஆனா இந்தப் படிப்புகளோட கண் ஹோட்டல் மேலதான். வளாகத்துக்கு ஆள் எடுக்க வர்ற ஹோட்டல் கம்பெனிகளோட பேரு எல்லா மாணவருக்கும் மனப்பாடம். கிளப்புக்கு அந்த மாதிரி பேரே கிடையாது. ஒவ்வொண்ணும் தனி, ஒவ்வொண்ணும் விளம்பரத்துக்குக் கூச்சப்படற இடம். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை ஒரு கன்ட்ரி கிளப்போட உள்பக்கத்தைப் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. பார்த்திருந்தா, கோடை விடுமுறையில கோல்ஃப் பை தூக்கற கேடியாப் பார்த்திருக்கும். (கேடிகளுக்குன்னே 1930-லேர்ந்து எவன்ஸ் ஸ்காலர்ஷிப்னு ஒண்ணு இருக்கு. பை தூக்கின பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பற திட்டம். அது இந்தச் சங்கத்தோடது இல்லை, ஆனா கிளப்போட பின்வாசலை நல்லாத் தெரிஞ்ச பட்டதாரிகள் அங்கேர்ந்தும் வர்றாங்க.)

இந்த இடைவெளியை அடைக்கத்தான் மாணவர் கிளைகள். அதுவும் 40-க்கு மேல இருக்கு. புதுசா ஆரம்பிக்கிற குழுவுக்கு முதல்ல ‘காலனி’ன்னு பேரு, கொஞ்சம் வேரூன்றினதும் கிளையா அங்கீகாரம் கிடைக்கும். பொறுப்பாசிரியர் ஒருத்தர் வேணும். பக்கத்துல இருக்குற தொழில்முறைக் கிளையோட ஆதரவு வேணும். ரெண்டுல எது இல்லைன்னாலும் தாங்காது. மாணவர்கள் கிளப்புக்குப் போய் சமையலறை, சரக்கு அறை, புல் வெட்டற இயந்திரக் கொட்டகைன்னு பின்பக்கம் முழுக்கச் சுத்திப் பார்ப்பாங்க. மேனேஜர்கள் வகுப்புக்கு வந்து பேசுவாங்க. மாணவர்கள் தாங்களே ஒரு விருந்து நடத்திக் காசு சேர்த்து, வருடாந்திர மாநாட்டுக்குப் போவாங்க.

மாணவர் கிளையில ஒரு பாடம் யாரும் சொல்லிக் குடுக்காமலே நடந்துடும். கிளைக்கு ஒரு தலைவர், பொருளாளர், சந்தா, கூட்டக் குறிப்பு, கூட்டத்துக்கு வராம குறை மட்டும் சொல்ற நாலு பேர்... அச்சு அசல் ஒரு கிளப்போட நிர்வாகக் குழு! இருபது வயசுல பீட்சா வாங்கற பட்ஜெட்டுக்குச் சண்டை போட்டுப் பழகினவர், நாப்பது வயசுல மாடிக் கூரை மாத்தற பட்ஜெட் சண்டையில பதற மாட்டார். சொற்பொழிவை விட இதுதான் நிஜமான பயிற்சி.

பலவீனமும் அங்கயேதான் இருக்கு. நல்லா நடத்தின தலைவர் மே மாசம் பட்டம் வாங்கிட்டுப் போயிடுவார். ரெண்டாம் வருஷத்துப் பிள்ளைகளைத் தயார் பண்ணலைன்னா, ஒரே கோடையில கிளை படுத்துடும். செப்டம்பர்ல பேரு மட்டும் பட்டியல்ல இருக்கும். பொறுப்பாசிரியர் பணி மாறினாலும் இதே கதைதான்.

அடுத்தது இன்டர்ன்ஷிப். இதுக்குப் பருவம் முக்கியம். சிகாகோ, மிச்சிகன், நியூ இங்கிலாந்து பக்கத்து கிளப்புகளுக்கு உச்சக்காலம் மே கடைசியிலேர்ந்து செப்டம்பர் வரைக்கும். மாணவரோட விடுமுறையும் அதேதான், சாவியும் பூட்டும் மாதிரி பொருந்தும். ஃப்ளோரிடாவுல தலைகீழ், குளிர்காலம்தான் பருவம். அங்க போகணும்னா ஒரு செமஸ்டரையே விடணும். கிளப் இருக்குறது பெரும்பாலும் பணக்காரக் குடியிருப்பு, வாடகை மாணவருக்குக் கட்டுப்படியாகாது. அதனால தங்க இடம் குடுக்குற கிளப்புக்குத்தான் நல்ல மாணவர் கிடைப்பார்.

பாதி இன்டர்ன்ஷிப்கள் பேருக்குத்தான் இன்டர்ன்ஷிப்னு சொன்னா யாரும் பெருசா மறுக்க மாட்டாங்க. மூணு மாசம் நீச்சல் குளத்து ஓரத்துல ஹாட்டாக் பரிமாறிட்டு வர்ற மாணவர், கிளப் மேலாண்மையைக் கத்துக்கிட்டு வரலை. இந்தத் தொழிலை இனி வேண்டாம்னு கத்துக்கிட்டு வர்றார். நல்ல இன்டர்ன்ஷிப்னா அதுக்கு எழுத்துல ஒரு திட்டம் இருக்கும். எந்த வாரம் சாப்பாட்டு அறை, எந்த வாரம் கணக்குப் பிரிவு, எந்த வாரம் விடியக்காலை அஞ்சு மணிக்குப் புல் பராமரிப்பு ஆட்களோட. முடிஞ்சா ஒரு குழுக் கூட்டத்துல மூலையில உக்கார வைக்கணும். ஒயின் பட்டியல்ல ஒரு பாட்டில் விலையைப் பத்தி முதலாளிகள் முக்கால் மணி நேரம் பேசறதை ஒரு தடவை கேட்டாப் போதும், இந்தத் தொழில் என்னன்னு புரிஞ்சுடும்.

யாருக்கு இந்த வாய்ப்பு போகுதுங்கிறதும் கவனிக்க வேண்டியது. விருந்தோம்பல் வகுப்புகள்ல பாதிக்கு மேல பெண்கள் இருக்கறது சாதாரணம். ஜெனரல் மேனேஜர் நாற்காலிகள்ல அப்படி இல்லை. கிளப்புகளே கதவைத் திறக்க நேரம் எடுத்துக்கிட்டதும் இதுக்கு ஒரு காரணம். 400 உறுப்பினருக்கு மேல இருக்குற, வணிக நோக்கத்துக்குப் பயன்படற கிளப்புகள் பாகுபாடு காட்டக் கூடாதுங்கிற நியூயார்க் நகரச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் ஒத்துக்கிட்டது 1988-ல. அகஸ்டா நேஷனல் கோல்ஃப் கிளப் முதல் பெண் உறுப்பினர்களைச் சேர்த்தது 2012-ல. உறுப்பினராவே இவ்வளவு லேட்டுன்னா, அலுவலக அறைக்குள்ள வர்றது எப்படி இருக்கும்னு சொல்ல வேண்டியதில்லை.

மாணவருக்கு ஆகற செலவுல ஒரு பங்கை கிளப் ஃபவுண்டேஷன்ங்கிற அறக்கட்டளை ஏத்துக்குது. உறுப்பினர் நன்கொடையிலயும் ஏலத்துல சேர்ற பணத்துலயும் ஸ்காலர்ஷிப், மாநாட்டுப் பயண உதவி எல்லாம் குடுக்கறாங்க. கிளப் மேலாண்மைக் கல்வியில பேர் பெற்ற பேராசிரியர் ஜோ பெர்டியூ பேர்ல ஒரு ஸ்காலர்ஷிப் உண்டு.

இத்தனையும் செஞ்சும் ஓட்டை எங்க விழுதுன்னா, பட்டம் வாங்கினதுக்கு அப்புறம் வர்ற அஞ்சு வருஷத்துல. மாணவரா இருந்தப்போ சந்தா ரொம்பக் கம்மி. பட்டம் வாங்கின மறுநாள் அவர் மாணவர் இல்லை. வேலை கிடைச்சது உதவி டைனிங் மேனேஜரா. கிளப்போட பட்ஜெட்டுல ஜெனரல் மேனேஜரோட சங்கச் சந்தாவுக்கு மட்டும்தான் இடம். இவர் சொந்தக் காசு கட்டணும். கல்விக் கடன் வேற நிக்குது. வேலையோ ஊரே கொண்டாடற நாள்ல உச்சத்துல இருக்குற வேலை. அன்னையர் தினத்துல காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் மத்தவங்க அம்மாக்களுக்குப் பரிமாறிட்டு, தன் அம்மாவுக்கு ராத்திரி போன் போடணும். ரெண்டு வருஷத்துல சந்தா நிக்கும், அதுக்கு அடுத்த வருஷம் தொழிலே நிக்கும்.

பட்டதாரிகளுக்குச் சில வருஷம் குறைச்ச சந்தா வச்சு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தறது ஒரு மருந்து. துறைத் தலைவர் வரைக்கும் சங்கச் சந்தாவை கிளப் பட்ஜெட்டுல போடச் சொல்லி ஜெனரல் மேனேஜர்களே குழுகிட்ட பேசறது இன்னொண்ணு. பட்டம் வாங்கின மாசத்துலயே புது ஊர்க் கிளையிலேர்ந்து ஒருத்தர் போன் பண்ணி, ‘திங்கட்கிழமை கூட்டத்துக்கு வா, சாப்பாடு எங்க கணக்கு’ன்னு கூப்பிடறது மூணாவது. இதுக்குத்தான் செலவே இல்லை, இதுதான் அடிக்கடி விட்டுப் போறதும்கூட. மாணவர் கிளை பிலடெல்பியாவுல இருக்கும், வேலை கிடைக்கிறது டெக்சஸ்ல. ஒரு பட்டியல்லேர்ந்து பேர் எடுபடும், இன்னொரு பட்டியல்ல ஏறாது.

அதனாலதான் மாணவர் உறுப்பினர் எண்ணிக்கையைத் தனியாப் பார்த்தா ஏமாந்துடுவோம். பொறுப்பாசிரியர் ஒரு வகுப்பு முழுக்கப் பேர் குடுக்க வச்சா, அடுத்த வாரமே எண்ணிக்கை குதிக்கும். பார்க்க வேண்டிய கணக்கு வேற. அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இருந்த மாணவர் பட்டியலை எடுத்து, அதுல இன்னைக்கு கிளப்புல வேலை பார்க்கறவங்க எத்தனை, அதுலயும் சந்தா கட்டறவங்க எத்தனை, துறைத் தலைவர் ஆனவங்க எத்தனைன்னு பேர் பேரா டிக் அடிக்கணும். ஒரு கிளைச் செயலாளருக்கு ஒரு திங்கட்கிழமை மத்தியானத்துல முடியற வேலை.